குவாதலூப்: ஒரே தீவில் மலையும் சமவெளியும், கூடவே தமிழ்ப் பெயர்களும் எப்படி?

இளவழுதி கேட்டது:
கரீபியன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குவாதலூப்பில் கண் நின்றுவிட்டது. பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி இரண்டு பகுதி. மேற்கே முழுக்க மலையும் காடும், கிழக்கே ஒரே தட்டை. பக்கத்துப் பக்கத்தில் எப்படி இவ்வளவு வித்தியாசம்? அப்புறம், அந்த ஊர்க்காரர்களின் பெயர்களில் சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி என்றெல்லாம் பார்க்கிறேன். இவர்கள் அங்கே எப்படிப் போனார்கள்?

கடலோடி:
நான் புவியியல் ஆசிரியர். தங்கை குடும்பம் புவாந்த்-ஆ-பீத்ர் நகரத்தில் இருப்பதால் அங்கே போய்த் தங்கியிருக்கிறேன். உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: நிலத்தில்.

சரியாகச் சொன்னால் அவை இரண்டு தீவுகள். நடுவே ரிவியேர் சலே என்ற குறுகிய உப்புநீர்க் கால்வாய், இருபுறமும் அலையாத்திக் காடு. காரில் போனால் பாலம் எப்போது வந்தது, எப்போது முடிந்தது என்றே தெரியாது. கிழக்கே உள்ள கிராந்த்-தேர், பழைய எரிமலை அடித்தளத்தின் மேல் பவளச் சுண்ணாம்பு படிந்து, பிறகு கடலுக்கு மேல் எழும்பிய நிலம். மேற்கே உள்ள பாஸ்-தேர், வயதில் இளைய எரிமலை நிலம். அட்லாண்டிக் கடலடியைத் தாங்கும் பூமித்தட்டு கரீபியன் தட்டுக்கு அடியில் நுழைவதால் அங்கே எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. லா சூஃப்ரியேர் 1,467 மீட்டர். கிழக்குக் கரீபியனின் சிறிய அண்டிலிஸ் தீவுகளிலேயே அதுதான் உயரம்.

கிழக்கிலிருந்து வரும் காற்று தட்டை நிலத்தின் மேல் தடையில்லாமல் ஓடி, மலையில் மோதி அங்கே மழையைக் கொட்டிவிடுகிறது. கிராந்த்-தேரில் வெயில் சுட்டெரிக்கும்போதே பாலத்துக்கு அந்தப் பக்கம் மேகம் கறுத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கிராந்த்-தேருக்குத் தண்ணீரே பெரும்பாலும் மலையிலிருந்து குழாயில்தான் வருகிறது. பழைய காலத்தில் தட்டை நிலத்தில் காற்றாலை வைத்தும் மலைப் பக்கத்தில் ஓடைத் தண்ணீரை வைத்தும் கரும்பு பிழிந்தார்கள். காற்றாலைகளின் கல் கோபுரங்கள் மொட்டையாக இன்னும் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கின்றன. கல்லைத் தொட்டுப் பார்த்தால் கையெல்லாம் சுண்ணாம்புப் பொடி.

இந்தக் கரும்புக்காகத்தான் எல்லாமே. 1635இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் கனடாவை பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அது பிடித்திருந்த இந்தத் தீவைத் திரும்பப் பெற்றது என்றால், சர்க்கரைக்கு அன்று எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள்.

அடிமை முறை 1794இல் ஒழிந்தது, 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவரப் படை அனுப்பினார். லூயி தெல்கிரேஸ் என்ற அதிகாரி எதிர்த்து நின்றார். கடைசியில் சூஃப்ரியேர் அடிவாரத்து மாத்தூபாவில் சூழப்பட்டபோது, அடிமையாக வாழ்வதில்லை என்று அவரும் சுமார் முந்நூறு பேரும் வெடிமருந்தைக் கொளுத்தி உயிர்விட்டார்கள். அது மே 28, 1802. உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் இருக்க வேண்டிய பெயர் அவருடையது. நம் பாடத்தில் ஒரு வரி கூட இல்லை என்பதில் எனக்கு வருத்தம்.

1848இல் அடிமை முறை மறுபடியும், இந்த முறை நிரந்தரமாக, ஒழிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தன. அங்கிருந்துதான் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களைக் கப்பல் ஏற்றினார்கள். முதல் கப்பல் ஓரேலி, டிசம்பர் 24, 1854இல் புவாந்த்-ஆ-பீத்ர் வந்தது. 1889 வரை வந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல்.

மலைச்சாரல்:
அருமை அண்ணா. எரிமலை பற்றி ஒன்று சேர்க்கிறேன். 1976இல் சூஃப்ரியேர் புகையும் சாம்பலும் கக்கியபோது தெற்கு பாஸ்-தேரையே காலி செய்தார்கள். எழுபதாயிரம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். பெரிய வெடிப்பு வரவில்லை. அனுப்பியது சரியா தவறா என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் சண்டை போட்டார்கள்.

இளவழுதி:
ரொம்ப நன்றி கடலோடி அண்ணா. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பலாம்தானே? அவர்கள் ஏன் வரவில்லை?

கடலோடி:
ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பக் கப்பல் செலவு என்பதுதான் எழுத்தில் இருந்தது. நடைமுறையில் ஏராளமானோர் நோயிலும் வேலைச் சுமையிலும் இறந்துபோனார்கள், பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். தங்கியவர்களின் பிள்ளைகளைக் கூடப் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்கவில்லை. அதை எதிர்த்துத்தான் கபெஸ்தேர் என்ற ஊரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904 முதல் வழக்காடினார். 1923இல்தான் உரிமை கிடைத்தது. கிட்டத்தட்ட இருபது வருடம் ஒரு மனிதர் விடாமல் நின்றிருக்கிறார்.

அந்த ஊரிலேயே ஷாங்ஜி என்ற இடத்தில் சாலை ஓரமாக மாரியம்மன் கோவில் இருக்கிறது, சுற்றிலும் வாழைத் தோட்டம். மதுரை வீரனுக்கும் அங்கே பூஜை உண்டு, கிடா வெட்டும் உண்டு. வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழி, ஆனால் பூசாரி சொல்வது செவிவழியாக வந்த தமிழ். நான் போன அன்று வரிசையில் நின்றவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் நிறையப் பேர்.