மறுமொழி: கழல மறுக்கும் போல்டுக்கு ஒரு பெயர் – இறுக்கியதா, இறுகியதா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கழல மறுக்கும் போல்டை ஆங்கிலத்தில் 'சீஸ்டு' (seized) என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழையைப் பத்து நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல, கை நிறைய கிரீஸ். அப்பா ஓட்டிய 1988ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். நாகப்பட்டினத்தில், கடலிரைச்சல் கேட்கும் தூரத்தில், ஓலைக் கொட்டகைக்குள் 11 ஆண்டுகள் நின்ற வண்டி அது. நீங்கள் எதற்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தீர்களோ, அதனுடன் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே இந்தக் கடிதத்தில் இலக்கணம் கொஞ்சமும் துரு கொஞ்சமும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்த பரிந்துரைகளை முதலில் பார்த்துவிடுகிறேன்.

> "கைப்பற்றிய ஆணி"

எழுதிய நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதைப் படித்ததும் சுங்கத் துறையினர் விமான நிலையத்தில் பறிமுதல் செய்த ஆணிதான் என் கண்முன் வந்தது. ஆங்கில அகராதியில் 'சீஸ்' என்ற சொல்லுக்கு எதிரே முதலில் நிற்கும் பொருளை எடுத்துக்கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும்.

> "உறைந்த மரையாணி"

நெய் உறையும், இரத்தம் உறையும், பால் உறையும். இரும்பு ஆணி உறைந்து நான் பார்த்ததில்லை. இதுவும் ஆங்கிலக்காரர்களின் குளிர்நாட்டு உவமை. பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்ட பொருளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது பொருந்தும். நாகப்பட்டினத்து வெயிலில் நிற்கும் வண்டிக்குப் பொருந்தாது.

> "துருப்பூட்டு"

இது அழகான சொல். முதல் நாள் நானும் மனதுக்குள் கைதட்டினேன். மறுநாள் பட்டறைக்குப் போனதும் தட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அங்கே "பூட்டு" என்பது அன்றாட வினை. "சக்கரத்தைப் பூட்டு", "சைலன்சரைப் பூட்டிவிட்டாயா?" என்றுதான் பேச்சு. பூட்டுவது வேலை நல்லபடியாக முடிந்ததற்கு அடையாளம். அதே சொல்லைக் கோளாறுக்கும் வைத்தால் பையன் குழம்பிப்போவான். அதோடு, எல்லாம் துருவால் வருவதும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

> "ஜாம் என்றே விட்டுவிடலாம். எல்லாருக்கும் புரிகிறது"

புரிகிறதுதான். ஆனால் கதவும் ஜாம், அச்சுப்பொறியில் காகிதமும் ஜாம், கிண்டி மேம்பாலத்தில் வண்டிகளும் ஜாம். எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் கலைச்சொல்லாக வேலை செய்யாது.

என் கதைக்கு வருகிறேன். வண்டியின் பின் சக்கரத்தைத் தாங்கும் கவையை, அதாவது ஸ்விங் ஆர்மை, சட்டத்தோடு இணைக்கும் நீளமான போல்டு ஒன்று உண்டு. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் நட்டு. அந்த நட்டைக் கழற்ற ரிங் ஸ்பேனரைப் போட்டு, ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி, அதன் மேல் என் உடல் எடையையும் வைத்தேன். நட்டு அசையவில்லை, வண்டிதான் தாங்கியிலிருந்து சரிந்தது. தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். அறுபது வயதைத் தாண்டியவர். வந்து, குனிந்து பார்த்து, டார்ச் அடித்துவிட்டுச் சொன்னார்:

"இது யாரும் இறுக்கியது இல்லை தம்பி. தானாக இறுகியது. இதை ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும்."

நண்பர்களே, நாம் பத்து நாளாகத் தேடியது இந்த மூன்று வாக்கியத்துக்குள் இருக்கிறது. இறுக்கு என்பது பிறவினை. ஒருவர் ஸ்பேனர் பிடித்துச் செய்வது. இறுகு என்பது தன்வினை. யாரும் செய்யாமல், காலமும் ஈரமும் உப்பும் சேர்ந்து நடத்துவது. உருகு – உருக்கு, பழகு – பழக்கு, இளகு – இளக்கு போல இதுவும் ஒரு சோடி. ஆங்கிலத்தில் இந்த இரண்டு நிலைகளுக்கும் தொடர்பே இல்லாத இரு சொற்கள் வேண்டியிருக்கின்றன. நமக்கு ஒரே வேரில், ஒற்று மிகுவதிலும் மிகாததிலும் வேறுபாடு தெரிந்துவிடுகிறது.

அவர் அடுத்துச் செய்ததைப் பாருங்கள். நட்டைச் சுற்றிக் கம்பிப் புருசு போட்டுத் தேய்த்தார். மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து துணியில் நனைத்துச் சுற்றி, இரண்டு நாள் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வந்து, போல்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. பிறகு ஸ்பேனரைப் போட்டவர், கழற்றும் திசையில் திருப்பவில்லை; எதிர்த்திசையில் ஒரு மயிரிழை திருப்பினார். "டிக்" என்று ஒரு சத்தம். அதன்பிறகுதான் கழற்றும் திசைக்கு வந்தார்.

"இறுகியதைக் கழற்ற வேண்டுமானால் முதலில் கொஞ்சம் இறுக்க வேண்டும்" என்றார்.

இந்த வாக்கியத்தை ஜாம், பூட்டு, உறைதல் எதை வைத்தும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிப் பாருங்கள். "டைட்டானதைக் கழற்ற டைட் செய்" என்றால் உளறல் போலிருக்கும். இறுகு, இறுக்கு இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்ட ஆசிரியை அம்மாவுக்கு: இரும்பு துருவாக மாறும்போது, அது முன்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கிறது. போல்டின் மரைக்கும் (திருகு வரிக்கும்) நட்டின் மரைக்கும் நடுவே விடப்படும் இடைவெளியோ மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு. ஊதிய துருவுக்குப் போக இடமில்லை. அது இரண்டு பக்கத்தையும் நெருக்கிக்கொண்டு ஆப்பு போல நின்றுவிடுகிறது. எதிர்த்திசையில் சிறிது இறுக்கும்போது அந்தத் துருப்படலம் நொறுங்குகிறது. எண்ணெய் உள்ளே போக வழி கிடைக்கிறது. சூடு காட்டுவதும் இதற்கே. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு 200 பாகை செல்சியசு சூடேறினால் விட்டத்தில் சுமார் 0.024 மில்லிமீட்டர்தான் பெருக்கும், தலைமுடியின் தடிமனில் பாதிகூட இராது. ஆனால் நட்டை மட்டும் சூடாக்கினால் அதுவே படலத்தில் விரிசல் விழப் போதும். (பெட்ரோல் டாங்கையும் எண்ணெய்த் துணியையும் அப்புறப்படுத்தாமல் யாரும் நெருப்பைப் பற்றவைக்க வேண்டாம். நாங்கள் டாங்கைத் தெருவுக்கே கொண்டுபோய்விட்டோம்.)

நட்டு வந்துவிட்டது. போல்டு வரவில்லை! கவைக்குள் இருக்கும் உலோகக் குழலோடு அதன் தண்டு ஒன்றிப்போயிருந்தது. மேலும் இரண்டு நாள் ஊறல், சுத்தியல், செம்புத் துண்டை இடையே வைத்து அடி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோவை நண்பர் "மரைப்பிடிப்பு" என்று ஒரு சொல் தந்திருந்தார். அந்தத் தண்டில் மரையே கிடையாது, வழவழப்பான கம்பி. ஆகவே நம் கலைச்சொல்லுக்குள் மரை இருக்கக் கூடாது.

துருவும் கட்டாயமாக இருக்கக் கூடாது. அலுமினிய எஞ்சின் உறையில் எஃகுத் திருகு இருந்தால், உப்பு ஈரம் பட்டதும் இரண்டு உலோகமும் சேர்ந்து சின்ன மின்கலம்போல் ஆகிவிடுகின்றன. அதில் அலுமினியம்தான் அரிபடும். கழற்றிப் பார்த்தால் செந்துரு இராது, வெள்ளைப் பொடி இருக்கும். துருப்பிடிக்காத எஃகிலோ இன்னொரு வேடிக்கை. புத்தம்புது போல்டும் நட்டும் வேகமாக முடுக்கும்போதே, மேற்பரப்பின் காப்புப் படலம் உரசிப் போய், வெற்று உலோகமும் வெற்று உலோகமும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். சில நொடிகளில் முடிந்துவிடும் காரியம்.

எனவே பொதுச்சொல்லாக இறுகல் என்று வைத்துக்கொண்டு, வகைக்கு முன்னொட்டுச் சேர்க்கலாம் என்பது என் முன்மொழிவு. துருவால் வருவது துருவிறுகல் ("துருவேறிய" என்று எழுதும் அதே புணர்ச்சி). உரசி ஒட்டிக்கொள்வது ஒட்டிறுகல். அலுமினியமும் எஃகும் போன்ற கூட்டால் வருவதை ஈருலோக இறுகல் எனலாம். கொஞ்சம் நீளம்தான், வேறு நல்லது வந்தால் ஒத்துக்கொள்கிறேன்.

இதோடு இன்னொரு சோடியும் இலவசமாகக் கிடைக்கிறது. இளக்கு என்பது ஆள் செய்வது, நட்டை இளக்கினார். இளகு என்பது ஓட்டத்தின் அதிர்வில் தானாக நடப்பது, நட்டு இளகிவிட்டது. ஆக இறுக்கல், இறுகல், இளக்கல், இளகல் என்று நான்கு சொற்கள். மரையாணி ஒன்றுக்கு வாழ்நாளில் நேரக்கூடியவற்றில் பெரும்பகுதி இந்த நான்கில் அடங்கிவிடுகிறது. நான் எதையும் புதிதாக ஆக்கவில்லை. எடுத்து வரிசையில் வைத்தேன், அவ்வளவுதான்.

எதிர்வாதங்கள் வரும் என்று தெரியும். காங்கிரீட்டும் இறுகுகிறதே, வெல்லப்பாகும் இறுகுகிறதே என்பீர்கள். இருக்கட்டும், இடைவெளியில் ஒன்று நிரம்பிக் கெட்டிப்படுவது எல்லாவற்றிலும் உண்டு. பட்டறையில் நின்று பாகு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. "இறுகிய", "இறுக்கிய" இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு புள்ளியெழுத்துதான் வேறுபாடு. அச்சுப்பிழையில் ஒற்றுப் போனால் பொருளே தலைகீழ். உண்மைதான். அதனால்தான் நூலில் எழுதும்போது முன்னொட்டோடு எழுதச் சொல்கிறேன். துருவிறுகல் என்றால் ஒற்று விழுந்தாலும் எழுந்தாலும் ஆள் குழம்ப மாட்டார்.

இந்தச் சொல் பட்டறைக்கு வெளியிலும் வாழ்கிறது. என் அம்மாவின் தோட்டுத் திருகாணி ஆண்டுக்கு ஒரு முறையாவது "இறுகிவிடும்". எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் மரையில் சேர்ந்ததால் வருவது. இரவில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஊற வைத்து, காலையில் திருகுவார். வைத்தியம்கூட அதேதான், பாருங்கள்.

இதிலிருந்து இழையின் இரண்டாவது கேள்விக்கு வரலாம்: இடுக்கில் இறங்குவதற்கென்றே விற்கும் அந்த எண்ணெய்க்கு என்ன பெயர்? "ஊடுருவு எண்ணெய்" என்று பாடநூல் நடையில் ஒன்று வந்தது. சரியானதுதான், ஆனால் வாய்க்குள் முள்ளாக நிற்கிறது. "இளக்கெண்ணெய்" என்றார் ஒருவர். கடையில் போய்க் கேட்டால் விளக்கெண்ணெய் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது கெட்டியானது, காரியம் கெட்டுவிடும். "துருநீக்கி" என்பதும் தவறு. துருவைக் கரைக்கும் பாஸ்போரிக் அமிலம் போன்றவற்றுக்குத்தான் அந்தப் பெயர் தகும். எண்ணெய் துருவைக் கரைப்பதில்லை, இடுக்கில் இறங்கி வழுக்கவைக்கிறது. எல்லாரும் வாங்கும் டபிள்யூடி-40கூட 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நீரை விலக்குவதற்காகச் செய்யப்பட்டது. 'டபிள்யூடி' என்பது நீரை விலக்குதல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்; 40ஆவது முயற்சியில் தேறியதால் அந்த எண். பெயரில் வேலை இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பட்டறையில் சொல்வது "ஊற வை". ஆகவே ஊறெண்ணெய். ஊறுகாய் இருக்கும் மொழியில் ஊறெண்ணெய் இருக்கக் கூடாதா? "ஊறு என்றால் துன்பம் என்றும் பொருள்" என்று புலவர் ஐயா எழுதுவார். ஐயா, ஊறுகாயைத் துன்பக்காய் என்று நினைத்து யாரும் இலையில் ஒதுக்கியதில்லை.

திரும்பப் பூட்டும்போது மரையில் தடவும், செம்புத்தூள் கலந்த பசைக்கு "இறுகாப்பசை" என்று எழுதிப் பார்த்தேன். தானே இறுகாத பசை என்று பொருள் போய்விடுகிறது. "மரைக்காப்புப் பசை" எனக்குப் பிடித்திருக்கிறது, தண்டுக்கும் தடவுகிறோம் என்ற உறுத்தல் இருந்தாலும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கழலவில்லை என்றதும் எல்லாமே இறுகல் ஆகிவிடாது. சைக்கிளின் இடது மிதிகட்டை இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகும் மரை. அதை வழக்கமாகக் கழற்றும் பக்கம் திருப்பத் திருப்ப இறுகாது, நாம்தான் இறுக்கிக்கொண்டே இருப்போம். அதேபோல் 55 பாகைக் கோணமுள்ள பழைய பிரிட்டிஷ் முறையான விட்வொர்த் மரையில் 60 பாகை மெட்ரிக் ஆணியை வலுவில் ஏற்றி மாட்டிக்கொண்டால் அதுவும் இறுகல் அல்ல. அது மரைப்பிசகு, ஆள் செய்த பிழை.

இலங்கை உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய ஆஸ்டின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில், கழலாத ஆணியை வெட்டியெறிந்துவிட்டுப் புதிது போட முடியாது. எப்படியாவது முழுதாக எடுத்தாக வேண்டும். அந்தக் கராஜ்களில் இதற்கு நம்மைவிடத் துல்லியமான சொல் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது உறவில் இருந்தால், "நட்டு அசையேல்லை என்றால் என்ன சொல்லுவீர்கள்?" என்று கேட்டு எழுதுங்கள். பட்டியலை நான் அதுவரை மூடாமல் வைத்திருக்கிறேன். பின் பிரேக் கம்பியின் ஊசியாணி இன்னும் வரவில்லை, அதுவும் ஊறிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
நாகையிலிருந்து