புல்லில் கால் வைத்து விசில் வாங்கிய அனுபவம் உண்டா?

ஒரு ஏப்ரலில் குடும்பத்தோடு ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போயிருந்தோம். மே மாத மலர்க் கண்காட்சிக்காகப் பெரிய புல் மைதானத்தை வருஷாவருஷம் மூடிவிடுவார்கள். தெரிந்த விஷயம்தான். 55 ஏக்கர் பூங்காவில் போட்டோ எடுக்க வேறு இடமா இல்லை? ஆனாலும் கயிற்றைத் தாண்டினேன். நாலு அடி வைப்பதற்குள் விசில்.

ஓரமாகக் களை பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா திட்டவில்லை. "ராத்திரி மழைங்க சார். காஞ்ச தரையில நூறு பேர் நடந்தாலும் தாங்கும். ஈரத்துல பத்து பேர் போதும்" என்று நான் நின்ற இடத்தைக் காட்டினார். செருப்புத் தடத்தில் தண்ணீர் கசிந்து நின்றது. புல் நசுங்கினால் எழுந்துவிடும். மண் இறுகினால்தான் தொல்லை, வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி படிந்த புல்லை மிதித்தால் இன்னும் மோசமாம். கால் பட்ட இடம் மட்டும் தடம் தடமாகக் கருகிவிடும் என்றார். அசடு வழிய வெளியே வந்தேன்.

மறுமொழி:
எங்கள் குடியிருப்புப் பூங்காவில் விசில் அடிக்க ஆள் இல்லை. கேட்டிலிருந்து ஊஞ்சல் வரைக்கும் புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. 'புல் மீது நடக்காதீர்' என்று போர்டு நட்டோம். போர்டைச் சுற்றிக்கொண்டு இன்னொரு பாதை விழுந்தது!

அப்புறம்தான் புத்தி வந்து, ஜனங்கள் நடந்த தடத்திலேயே கல் பதித்தோம். அதிலும் ஒரு கோளாறு. கல்லுக்குக் கல் இரண்டடி விட்டிருந்தோம். சேலை கட்டியவர்களுக்கு அவ்வளவு தூரம் கால் எட்டவில்லை, கல்லுக்குப் பக்கத்திலேயே நடந்தார்கள். பெயர்த்தெடுத்து நெருக்கிப் பதித்த பிறகு சரியானது. இரு பக்கமும் கடப்பாரையால் குத்தி மணல் தூவி அருகம்புல் நட்டோம். முன்பு இருந்த கொரியன் புல் பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் ஒரு தடவை வழுக்கை விழுந்தால் மூடுவதற்கு மாதக்கணக்காகும். அருகு கொடி ஓடி அடைத்துவிடும்.

மறுமொழி:
மரத்தடியில் மட்டும் அருகை நட்டுப் பணத்தை விடாதீர்கள், அதற்கு வெயில் வேண்டும். மூன்று தடவை நட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் வேப்பமரத்தடியில் ஆற்றுமணலைக் கொட்டிவிட்டோம். இப்போது பிள்ளைகள் புல் பக்கமே வருவதில்லை.