மாருதி 800 கிளட்ச் பெடல் ஆட்டம்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வண்டி 1998 மாடல் மாருதி 800, இருப்பது கோவையில். கிளட்ச் பெடலை மிதித்தால் இடமும் வலமுமாக ஆடுகிறது, கிறீச் சத்தம் வேறு. ஃபர்ஸ்ட் கியர் கரகரவென்றுதான் விழும். ரிவர்ஸைக் கேட்கவே வேண்டாம்.

கேபிள் புதிதாக மாட்டி, ஃப்ரீ பிளேயும் (பெடல் சும்மா இறங்கும் தூரம்) சரிசெய்தாயிற்று. ஆட்டம் போகவில்லை. அப்புறம் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பெடலைக் கழற்றினேன். பெடல் சுழலும் இடத்தில் இருக்கும் புஷ் (bush) என்ற வளையம் ஒரு பக்கம் பிளேடு மாதிரி தேய்ந்திருக்கிறது. அது உட்காரும் போல்ட்டிலும் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம். கேபிள் முனை மாட்டும் கொக்கி பாதி அறுந்துவிட்டது. இப்படியே விட்டால் புதுக் கேபிளும் சீக்கிரம் போய்விடும்.

மெக்கானிக் அண்ணன், "வாஷர் போட்டு இறுக்கிடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பக்கவாட்டு ஆட்டம் குறையுமே தவிர, புஷ் தேய்ந்தது தேய்ந்ததுதானே?

லேத்தில் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் கடைந்து போடலாமா, நைலானே போதுமா? கொக்கியில் வெல்டிங் வைத்து அரத்தால் ராவினால் தாங்குமா? 2014இல் தயாரிப்பே நின்றுபோன வண்டி. உக்கடம் பழைய சாமான் கடைகளில் பார்த்த பெடல்களும் இதே கதிதான். நல்ல நிலையில் முழு செட் யாரிடமாவது இருந்தால் விலையோடு சொல்லுங்கள். போல்ட் கையில்தான் இருக்கிறது, அளவு வேண்டுமென்றால் எடுத்துப் போடுகிறேன்.