கோ-எவல்யூஷன்: ‘இருவழிப் பரிணாமம்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, மதுரையிலிருந்து வணக்கம்.

ஒன்றின் மாற்றம் மற்றொன்றை மாறவைக்க, இரு உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து பரிணமிப்பதைக் குறிக்கும் கோ-எவல்யூஷனுக்கு (coevolution) ‘இணைப் பரிணாமம்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. இணைகோடுகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. தொடர்பற்ற இரு உயிரினங்கள் ஒரே போக்கில் மாறுவதற்கே அச்சொல் பொருந்தும். ‘கூட்டுப் பரிணாமம்’ என்றாலோ ஒத்துழைப்பு என்னும் பொருள் முந்திக்கொள்கிறது. ஃப்ளூ காய்ச்சலைத் தரும் இன்ஃப்ளூயன்சா வைரசுக்கும், அது தொற்றி வாழும் உயிரான ஓம்புயிரிக்கும் இடையே இருப்பது ஒத்துழைப்பு அன்று.

மனித உயிரணுக்களில் இன்டர்ஃபெரான் என்னும் நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதத்தின் தூண்டலால் உருவாகும் எம்எக்ஸ்ஏ (MxA) என்னும் புரதம், வைரசின் மரபுப்பொருளைப் போர்த்தியிருக்கும் நியூக்ளியோபுரதத்தைக் குறிவைத்து, வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. பறவைகளில் பரவும் எச்5என்1 இன்ஃப்ளூயன்சா வகைகள் பொதுவாக இதற்கு எளிதில் அடங்கிவிடுகின்றன. 1918, 2009 கொள்ளைநோய் வைரசுகளோ, நியூக்ளியோபுரதத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருந்ததால், இதன் பிடியிலிருந்து பெருமளவு தப்பின. மறுபக்கம், குரங்கினங்களின் எம்எக்ஸ்ஏ புரதங்களை ஒப்பிட்டுப் பார்த்தால், வைரசை அடையாளங்காணும் ஒரு வளைவுப் பகுதி, ஏனைய பகுதிகளைவிட விரைந்து மாறிவந்திருப்பது தெரிகிறது. அப்பகுதியை அப்படி மாறவைத்த நெருக்கடியைத் தந்தது இன்ஃப்ளூயன்சா ஒன்றே எனக் கொள்ளக் கூடாது. பல வைரசுகளுக்கு அதில் பங்குண்டு. ஆயினும், ஒரு பக்கத்தின் மாற்றமே மறுபக்கத்தை இயற்கைத் தெரிவுக்கு உள்ளாக்குகிறது என்னும் அடிப்படை இங்கே தெளிவாகப் புலப்படுகிறது. ஆகவே ‘இருவழிப் பரிணாமம்’ என்பதை முன்மொழிகிறேன். பகை, நட்பு இரண்டுக்கும் இது பொதுவானது என்பதால், அத்திக்கும் அத்திக்குளவிக்கும் உள்ள உறவையும் இச்சொல்லாலேயே எழுதலாம்.

இச்சொல்லுக்கு ஓர் எல்லையும் வேண்டும்: இரு பக்கமும் ஒன்றால் மற்றொன்று மரபுவழி மாற வேண்டும். தடுப்பூசியை அடிக்கடி திருத்த வைக்கும் சிறு மாற்றங்களை இப்பெயரால் அழைப்பது பிழை; அங்கே வைரஸ்தான் மரபுவழி மாறுகிறது, நம் பக்கத்தில் மாறுவது பிள்ளைகளுக்குக் கடத்தப்படாத நோயெதிர்ப்பு நினைவு. அதற்கு ‘நழுவல்’ (drift) போதும். 1957, 1968 ஆண்டுகளில் நிகழ்ந்ததுபோல, எட்டெட்டு மரபுத் துண்டுகள் கொண்ட இரு வேறு இன்ஃப்ளூயன்சா வைரசுகளின் துண்டுகள் கலந்து புதிய வைரஸ் பிறப்பதைப் ‘பெயர்ச்சி’ (shift) எனலாம்.

நம் பக்கத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வலசை வரும் நீலச்சிறகி போன்ற வாத்தினங்களைப் பற்றி எழுதும்போதும் இந்த எல்லையை மறக்கலாகாது. வாத்துகளில் ரிக்-ஐ என்னும் வைரஸ் உணர்வி உண்டு, கோழிகளில் இல்லை; ஆனால் அந்த வேறுபாட்டை இன்ஃப்ளூயன்சாதான் உருவாக்கியது என்று காட்டாதவரை, அதை இருவழிப் பரிணாமம் என்று எழுதக் கூடாது.

வாத்து, பன்றி, மனிதர் எனப் பல ஓம்புயிரிகள் இருக்கையில் ‘இரு’ என்பது குறுகியதாகாதா என்ற ஐயம் எழலாம். ஓம்புயிரிகள் எத்தனையாயினும், ஒவ்வொன்றுக்கும் வைரசுக்கும் இடையே தெரிவின் அழுத்தம் செல்லும் திசைகள் இரண்டே. இதைவிடப் பொருத்தமான சொல் இருப்பின் அன்புகூர்ந்து எழுதுங்கள்.