அயோடின், ஆர்கான், நியான்: பெயருக்குள் இருந்தது

இருபது வருடங்களுக்கு மேலாக வேதியியல் நடத்துகிறேன். அயோடின் சோதனையை எத்தனை வகுப்புகளுக்குச் செய்து காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. சோதனைக்குழாயில் நான்கைந்து படிகங்கள், கீழே ஸ்பிரிட் விளக்கு. கருஞ்சாம்பல் நிறத்தில் கிடந்தவை சற்று நேரத்தில் ஊதாப் புகையாக எழும். குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் மறுபடி மினுமினுப்பாகப் படியும். போன வருடம் ஒரு மாணவி, "இதற்கு ஏன் டீச்சர் அயோடின் என்று பெயர்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு தேடிப் படித்தேன். 1811இல் பிரான்சில் பெர்னார் கூர்ட்வா கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட, இதே புகை கிளம்பியிருக்கிறது. பண்டைய கிரேக்கத்தில் 'இயோன்' என்றால் வயலெட் பூ. அந்தப் பூவின் நிறம்தான் பெயராகியிருக்கிறது. மறுநாள் சொன்னதும் அவள், "கண்ணில் பட்டதையே பெயராக வைத்துவிட்டார்களா!" என்றாள். ஆமாம், குளோரின் வெளிர்பச்சை, புரோமின் நாற்றம். உங்களுக்கும் இப்படி ஒரு சொல் எதிர்ப்பட்டிருந்தால் எழுதுங்கள்.

* * *

டீச்சர், நான் எவர்சில்வர் கேட், படிக்கட்டுக் கைப்பிடி செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்கான் வெல்டிங்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. நடுவில் சிலிண்டர் தீர்ந்துவிட்டால் வெல்டு கறுத்து, பொத்தல் பொத்தலாகிவிடும். கல்லூரியில் படிக்கும் மகள்தான் சொன்னாள்: கிரேக்கத்தில் 'எர்கோன்' என்றால் வேலை, நீதி அநீதி ஆவது போல முன்னால் 'அ' சேர்ந்தால் வேலை செய்யாதது, சோம்பேறி. 1894இல் ரேலேயும் ராம்சேயும் காற்றிலிருந்து பிரித்தெடுத்தபோது அது எதனோடும் சேரவில்லையாம். எனக்குக் கோபமே வந்தது. அது அப்படிச் சும்மா சூழ்ந்து நிற்பதால்தான் உருகிய உலோகத்தின் பக்கம் ஆக்சிஜன் அண்டுவதில்லை. அதைப் போய்ச் சோம்பேறி என்பதா?

* * *

உங்கள் கோபம் நியாயம் அண்ணா. ஆனால் நம் பாடநூலிலும் அதற்கு 'மந்த வாயு' என்றுதான் பெயர்!

* * *

நான் முன்பு பெயர்ப்பலகைகளுக்குக் கண்ணாடிக் குழாய் வளைத்தவன். எந்த நிறத்தில் எரிந்தாலும் கடைக்காரர்கள் நியான் என்பார்கள். நீலத்தில் இருப்பது பெரும்பாலும் ஆர்கானும் துளிப் பாதரசமும்தான்; செம்மஞ்சளாக எரிவதே உண்மையான நியான். 1898இல் ராம்சேயும் டிராவர்ஸும் அதைக் கண்டபோது, ராம்சேயின் மகன் லத்தீனில் 'நோவும்', அதாவது புதியது, என்று வைக்கச் சொன்னானாம். தந்தைக்குப் பிடித்துவிட்டது. பொருளை மாற்றாமல் கிரேக்கத்தில் 'நியோன்' என்றார். பிள்ளை சொன்ன சொல்லைத் தள்ளாமல் ஏற்ற அந்தத் தந்தையை எனக்கு மிகவும் பிடிக்கும். காற்றை உறிஞ்சி, வாயுவை அடைத்து, முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது குழாய் முழுக்க ஒரே நொடியில் சிவக்கும். எத்தனை பலகை செய்த பிறகும், அந்த நொடிக்கு மட்டும் கைவேலையை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பேன்.