அப்பாவின் கால்வாய் நூல்: 1,000 பிரதிகள் அச்சிடலாமா?

பொருநைக்கரையாள்:
என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நெல்லைப் பகுதியில் தாமிரபரணியிலிருந்து பிரியும் பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் ஆகியவற்றின் பாசனத்தைப் பற்றி மடை மடையாக நடந்து, கேட்டு எழுதிய கையெழுத்துப்படியைக் கணினியில் ஏற்றியதில், முகப்புப் பக்கங்களையும் சேர்த்து டெமி என்னும் நூல் அளவில் 182 பக்கங்கள் வந்துள்ளன. 1,000 பிரதிகளாக அடித்தால் ஒரு பிரதியின் விலை வெகுவாகக் குறையும் என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். பதிப்புத் தொழிலில் நெடுநாள் இருந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

ஈயெழுத்து:
சகோதரி, நெல்லை டவுணில் ஈய எழுத்துக் கோத்த காலத்தில் பிழைதிருத்துபவனாகச் சேர்ந்து, பின்பு சொந்தமாகப் பதிப்பித்து, 38 ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். அச்சகத்தார் சொல்வது பொய்யன்று. ஆப்செட் அச்சு முறையில், பக்கங்களைப் பதித்து எடுக்கும் பிளேட்டின் செலவு 100 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஒன்றே என்பதால், எண்ணிக்கை கூடக் கூட அடக்கவிலை குறையும். அந்தக் கணக்கை நம்பித்தான் என் முதல் நூலை 1,000 அடித்தேன். கட்டுகள் வீடு வந்து சேர்ந்த பிறகு, உள்ளே ஓர் ஊரின் பெயர் வேறோர் ஊராக மாறியிருந்ததைக் கண்டேன். வீட்டார் அனைவரும் உட்கார்ந்து ஆயிரம் பிழைத்திருத்தச் சீட்டுகளை மைதாப் பசையால் ஒட்டினோம். அவசரத்தில் பசையில் பூச்சி அண்டாமல் காக்கும் மயில்துத்தம் சேர்க்க மறந்துவிட்டேன். விற்காமல் பரணில் ஏறிய கட்டுகளை இரண்டு மழைக்காலம் கழித்து இறக்கியபோது, சீட்டு ஒட்டிய பக்கத்தில் தொடங்கிப் பூச்சி உள்ளே இறங்கியிருந்தது. எடைக்குக்கூட அவற்றை மனமுவந்து எவரும் எடுக்கவில்லை.

ஆகவே பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் முறையில் 300 பிரதிகள் போதும். யூனிகோடில் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்; பழைய எழுத்துருக்களில் கோத்த என் நூல்கள் பலவற்றை இன்று திறக்க முடியாமல், மறுபதிப்புக்கு முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு பாரத்துக்கு, அதாவது ஒருசேர அச்சிட்டு மடிக்கும் தாளுக்கு, 16 பக்கம் என்பதால், 11 பாரம் என்றால் 176 பக்கம், 12 பாரம் என்றால் 192. ஆறு பக்கத்தை வெட்டுவதைவிட, எஞ்சும் பத்துப் பக்கத்தில் ஊர், மடை, குளப் பெயர்களுக்குப் பக்க எண்ணோடு அடைவு சேருங்கள். இவ்வகை நூலைக் கையில் எடுப்பவர் முதலில் தம் ஊரைத்தான் தேடுவார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மெய்ப்புப் பார்ப்பது. மடைப் பெயர்களை மட்டும் தனித்தாளில் எழுதி, அந்தந்த ஆயக்கட்டில் (பாசன நிலப்பரப்பில்) நீர் பாய்ச்சிய முதியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘ர’ என்னும் எழுத்துக்கு மாற்றாகத் துணைக்காலைத் தட்டியிருந்தால் தாளில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கணினியில் அந்தப் பெயரைத் தேடினால் அகப்படாது. அடைவு தயாரிக்கும்போது அது உங்களைப் படுத்திவிடும்.

நூலகத்தான்:
1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சிறு பதிப்பாளர் பலர் இதைச் செய்வதில்லை. குடும்பத்தில் ஒரு பிரதிகூட எஞ்சாமல், பிற்காலத்தில் நூலகத்துக்கு நகலெடுக்க வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணாகிய ஐ.எஸ்.பி.என். எண்ணும் நம் நாட்டில் கட்டணமின்றியே கிடைக்கிறது.

ஆயக்கட்டான்:
அண்ணாச்சி சொல்வதில் எண்ணிக்கையில் மட்டும் மாறுபடுகிறேன். எங்கள் ஊர் வரலாற்றை 300 அடித்தோம். கோயில் கொடை விழாவுக்கு மும்பையிலிருந்து வந்தவர்களே இரண்டு நாளில் வாங்கித் தீர்த்துவிட்டார்கள். மறுபதிப்பு வந்தபோது, பிரதி கிடைக்காமல் போனவர்கள் ஊரில் இல்லை. வெளியீட்டைக் கொடையோடு வைத்தால் 500 அடிக்கலாம்.

ஈயெழுத்து:
அது சரியே. வாங்குபவர் ஊருக்கு வரும் நாள் தெரிந்தால் 500 அடியுங்கள், தெரியாவிட்டால் 300.

பொருநைக்கரையாள்:
மிக்க நன்றி, அண்ணாச்சி. மடைப் பெயர்களை நேற்றிரவே தனியே எழுதினோம், 41 வந்தன. அவற்றுள் மூன்றில் அப்பாவுக்கே ஐயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு வாய்க்கால் கரைக்குப் போகிறோம்.