‘இருண்ட வாயு’ வேண்டாம். ‘காட்டா வாயு’ எப்படி?

புலவர் ஐயாவுக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

கோபிசெட்டிப்பாளையம் வானியல் வகுப்புக்கான சொற்பட்டியலில் ஐயா ‘இருண்ட மூலக்கூறு வாயு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அடுத்த வரியிலேயே ‘இருண்ட பொருள்’ (டார்க் மேட்டர்) வருகிறது, அது இன்னதென்றே இன்னும் தெரியாத பொருள். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். இதுவோ வெறும் ஹைட்ரஜன்.

குளிர்ந்த முகிலில் ஹைட்ரஜன் மூலக்கூறு ஏறக்குறைய கதிரே உமிழாது. கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் விடும் கதிரை வைத்துத்தான் அதன் அளவைக் கணக்கிடுகிறார்கள். நம் பால்வெளியில் இது பெரும்பாலும் செல்லும். சுமார் 30 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள டபிள்யூ.எல்.எம். என்ற குறு விண்மீன் திரளில் செல்லாது. அங்கே ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் சூரியனில் உள்ளதில் 13 விழுக்காடுதான், தூசியும் சொற்பம். மறைப்பதற்குப் போதிய தூசி இல்லாததால் இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிர் கார்பன் மோனாக்சைடை உடைத்துவிடுகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறுகள் முகிலின் வெளியடுக்கையே கேடயமாக்கிப் பிழைத்துக்கொள்கின்றன. 2015-இல் வெளியான ஆய்வில் ஆல்மா தொலைநோக்கி அங்கே கண்ட கார்பன் மோனாக்சைடு முகில்கள் பத்துதான், சராசரி ஆரம் ஆறேழு ஒளியாண்டு. ஆனாலும் விண்மீன்கள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன! அவற்றுக்கு மூலப்பொருளான ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு காட்டிக்கொடுக்காமலே அங்கே இருக்கிறது என்று பொருள். நாம் பெயர் தேடுவது இந்த வாயுவுக்குத்தான்.

நம் பக்கம் கிணறு வெட்ட இடம் பார்க்கும் பெரியவர்கள் கறையான் புற்றைத் தேடுவார்கள். புற்றில்லாத காட்டில் தண்ணீரே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

திருப்பூர் நண்பர் தந்த ‘தடமிலி வாயு’ காதுக்கு இனிமை, பொருள்தான் உதைக்கிறது. அயனியான கார்பன் 158 மைக்ரோமீட்டரில் விடும் கதிரும், தூசியின் அகச்சிவப்புக் கதிரும் இந்த வாயுவுக்குத் தடம்தானே? கைவிட்டது கார்பன் மோனாக்சைடு மட்டும்.

ஆகவே முதல் இடத்தில் ‘கார்பன் மோனாக்சைடு காட்டா வாயு’ என்று முழுதாகவும், பிறகு ‘காட்டா வாயு’ என்றும் எழுதலாம். வாயு எதைக் காட்டவில்லை என்று யாராவது கேட்கக்கூடும். வேதத்தைக் குறிக்கும் ‘எழுதாக் கிளவி’யில் (எழுதப்படாத சொல்) கிளவியா எழுதுகிறது? ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘காட்டா’ என்றதும் சோளக்காடு நினைவுக்கு வருகிறது என்று மாணவி ஒருத்தி சிரித்தாள், வரட்டும், மறக்காது.

‘வளிமம்’ நல்ல சொல்தான். பள்ளிப் பாடநூலில் ‘வாயு’ இருப்பதால் அதையே வைத்தேன். மறுப்பிருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன் பிறகு பட்டியல் அச்சுக்குப் போய்விடும்.